காற்றைக் காவல் காத்தவர்

யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "பாத்ததுங்களா, கேட்டதுங்களா?"

டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். செம்மேட்டு பஸ் வருகிறது என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், அவர் கிளாசைக் கீழே வைக்காமலே கேட்பார்.

"பாத்ததுங்களா, கேட்டதுங்களா?"

"சத்தம் கேக்குதுங்களே."

"அப்ப லாரியா இருக்கும். குடிச்சு முடிங்க."

மலை ரோட்டில் சத்தம் வளைவுக்கு வளைவு ஏமாற்றும். பாதி நாள் அது லாரியாகத்தான் இருக்கும். மீதிப் பாதி நாள் பஸ் போய்விடும். அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தவர்கள் திட்டிக்கொண்டே நடப்பார்கள். அவரும் கூடவே நடப்பார். "பஸ்ஸுதானுங்க. இப்பப் பாத்தேன்" என்பார், திட்டியவரிடமே.

அவர் எங்கள் எஸ்டேட்டில் வாட்சர். ஊர் மலையடிவாரம். தொண்ணூற்றேழில் மேலே வந்தார். திங்கட்கிழமை வந்தால் சனிக்கிழமை இறங்குவார். மண்வெட்டியும் மருந்து டப்பாவும் போட்டு வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொள்வார். ஒல்லியான ஆள். முழங்கை கிழிந்த பச்சை ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, சட்டைப் பொத்தானில் சணலால் கட்டிய பென்சில். அவருக்கு ஒரு பேர் உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு இப்போதும் வாட்சர்தான்.

அவர் காவல் காத்தது ஊசிமரத்தை. வளப்பூர் நாட்டுப் பக்கம், காப்பிக்கும் மிளகுக்கும் மேலே மொட்டையாய்க் கிடந்த ஒரு சரிவில் முதலாளி பைன் மரம் நட்டிருந்தார். எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு வந்தது. இலை இருக்க வேண்டிய இடத்தில் ஊசி, மூன்று மூன்றாய்ச் சேர்ந்த நீள ஊசி. பெட்டி அடிக்கிற பலகைக்கு ஆகும் என்றார்கள். பழம் கிடையாது, ஆடு தின்னாது, அடியில் புல்லும் முளைக்காது. என்னோடு வேலை செய்த செல்லாயி அதைப் பார்த்து, "மருமவ மாதிரி மினுக்கு, மாமியா மாதிரி குத்து" என்பாள்.

வருஷா வருஷம் தை மாதம் மரங்களை அளக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி அளவெடுத்து நோட்டில் எழுத வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவர் என்னைத்தான் கூப்பிடுவார். செல்லாயிக்குப் படிப்பு இல்லை, நான் அஞ்சாவது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் பேச மாட்டேன்.

அளப்பதற்கு முன்னால் மரத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்று நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவராகவே சொன்னார். "பிசின் வழியுதான்னு பாக்கறனுங்க. டேப்பு ஒட்டிக்கும்."

நோய் வந்தது அவர் மேலே வந்த அடுத்த வருஷம், ஐப்பசி மழை விடாமல் பிடித்து, மூடுபனி பத்துப் பதினைந்து நாள் மரத்தை விட்டு எழுந்திருக்காத சமயத்தில். அடிக்கிளைகளில் ஊசியின் நடுவில் மஞ்சளாய் ஒரு பட்டை விழுந்தது. பிறகு அது செங்கல் நிறமானது. பட்டைக்கு மேலே நுனி காய்ந்து போகும், அடி பச்சையாகவே இருக்கும். பாதி தீய்ந்த தீக்குச்சியைக் கொத்துக் கொத்தாய்ச் செருகின மாதிரி. அப்புறம் கொட்டும். கீழிருந்து மேலே ஏறி ஏறிக் கொட்டும். இரண்டு மழைக்காலம் கழிந்தபோது பாதி மரங்கள் உச்சியில் ஒரு குடுமி மட்டும் வைத்துக்கொண்டு நின்றன.

காலேஜிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஊறுகாயில் பூக்குமே, அந்த மாதிரி ஒரு பூசணம், ஊசிக்குள்ளே போய் உட்கார்ந்து தின்கிறது என்றார். ஊசி கொட்டினாலும் அது சாகாது. கீழே கிடக்கிற சருகிலேயே இருக்கும். மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அடுத்த ஊசிக்குத் தாவும். கொட்டினதை வாரிக் குழியில் போட்டு மூடுங்கள், வெளியே கொண்டு போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்சர் அன்று முழுக்க ஒரு ஊசியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோலைக் கிழித்துக்கொண்டு மிளகுத்தூள் மாதிரிக் கருப்புப் புள்ளி தெரிந்த பிறகுதான் குழி வெட்டப் போனார்.

மரம் சாகவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நல்ல மரம் ஒரு வருஷத்தில் இடுப்பு இரண்டு விரல் பெருக்கும். நோய் கண்ட மரம் ஒரு நூல்கூடப் பெருக்காது. வெள்ளைக் கோட்டில் டேப் போன வருஷம் நின்ற இடத்திலேயே வந்து நிற்கும். அவர் அதை எல்லாம் பார்த்து வைத்திருந்தார். "அடிக்கெளையில காவாசி ஊசி போனா மரம் கண்டுக்கறதில்லீங்க. பாதிக்கு மேல போனாத்தான் நின்னுக்குது. அப்பவும் பாருங்க, உசரம் மட்டும் கொஞ்சம் போகுது. வெளிச்சத்துக்குப் போயாவணுமில்ல. தின்னதையெல்லாம் தலைக்கே அனுப்பிட்டு ஒடம்புக்கு ஒண்ணும் வெச்சுக்கறதில்ல." என் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அளவோடு இன்னொன்றும் எழுதத் தொடங்கினார். கிளைகள் தட்டுத் தட்டாய் வருகிற மரம் அது. உச்சியிலிருந்து எத்தனை தட்டு பச்சையாக இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அங்கேதான் அவருக்கு இடித்தது. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. டேப்பை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்துவிடுவார், உச்சி தெரியாது.

"அம்மிணி, எத்தனை தட்டுங்க?"

"நாலுங்க."

எழுதிக்கொள்வார். என்னிடம் மட்டும் பாத்ததா கேட்டதா என்று கேட்டதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "தட்டு எண்ணியது நான் இல்லை. எனக்கு மேலே தெரிவதில்லை. கூட வேலை செய்யும் அம்மாள் பார்த்துச் சொன்னது."

மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், கண்ணு தெரியாத ஆளை வாட்சரா வெச்சிருக்கேன்னு நீயே எழுதிக் குடுப்பியா?"

"தெரியலீங்களே."

"சரி, அதுதான் போவட்டும். முதலாளி வர்றாரு. வளர்த்தியே இல்லைன்னா வெட்டுன்னுருவாரு. மரத்துக்கு ஒரு விரல் கூட்டிப் போடுய்யா. யாரு வந்து அளக்கப் போறா?"

"நானுங்க. அடுத்த தையில."

மேனேஜர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டார். முதலாளியும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, நோய் வராத மரங்களின் அளவு நன்றாக இருக்கிறதே, பின் சரிவிலும் நடலாம், நாற்றுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்று நன்றாக வந்து பின் சரிவு நிறைந்தால் வாட்சரை மேஸ்திரி ஆக்குவதாகப் பேச்சு. மேஸ்திரிக்குக் குடும்பத்தோடு இருக்க எஸ்டேட்டில் ஒரு லைன் வீடு உண்டு.

அந்த வீட்டுக்குத்தான் அவர் ஆசைப்பட்டார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அடுப்பு மேடை ஒசரமா இருக்குதுங்க. அவ குனிய வேண்டியதில்ல" என்றார் ஒருநாள். கல்யாணம் ஆனதிலிருந்தே காடு, தோட்டம் என்று வெளியூர்க் காவல்தான். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. சம்சாரம் சொல்லுமாம், "உங்களப் பாத்தத விட உங்களப் பத்திக் கேட்டதுதான் அதிகம்" என்று. அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நாற்றுப் பைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலையும் செல்லாயி வேலையும். விதை முளைத்து விரல் உயரம் வந்திருந்தது. பங்குனியில் வெயில் ஏறியது. வெயிலுக்கு முன்னால் நாங்கள் எதற்கும் மூடாக்குப் போடுவோம், காப்பி நாற்றானாலும் மிளகுக் கொடியானாலும். சருகை வாரி வேர் மேல் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்துச் சருகு வாரிக்கொண்டு வந்து பைகளின் மேல் போடச் சொல்லியிருந்தார் வாட்சர். அது மேல் ரோட்டில், ஒரு கல் தொலைவு ஏற்றம்.

அன்று செம்மேட்டில் சந்தை. செல்லாயி போய்விட்டாள். வாட்சரும் இல்லை. சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்று கீழே இறங்கியிருந்தார். நான் மட்டும்தான். காலையிலிருந்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. ஒரு கூடை ஓக் சருகு சுமந்து வந்து கொட்டினேன், அது நான்கு வரிசைக்குக்கூடக் காணவில்லை. பக்கத்திலேயே ஊசிமரத்துச் சரிவு. அடியில் மெத்தை மாதிரிச் சருகு, கரையான் இல்லை, முள் இல்லை. காலேஜ்காரர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது கேட்டதுதானே, பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பேச்சையே எடுத்து என் சோம்பலுக்கு முட்டுக் கொடுத்தேன். கோணி விரித்து, வாரி, இரண்டு நடை தலையில் வைத்துக் கொண்டு வந்து பரப்பிவிட்டேன். மேலாக ஓக் சருகைத் தூவிவிட்டேன். பொழுது இருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது.

கோடை மழை வந்தது. ஆடியில் நாற்றில் மஞ்சள் பட்டை விழுந்தது. பெரிய மரம் என்றால் அடிக்கிளையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி நிற்கும். நாற்றுக்கு அடியும் நுனியும் ஒன்றுதான். ஐப்பசிக்குள் பை பையாய்ச் சிவந்து நின்றுவிட்டன. இழுத்தால் கையோடு வந்தன.

ஓக் சருகு மக்கிப் போயிருந்தது. அடியில் ஊசிச் சருகு அப்படியே கிடந்தது. மேனேஜர் அதைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"இது தானா வந்துச்சா? இந்தப் பொம்பளைங்கதான் வாரிப் போட்டிருக்குது. அப்படின்னு எழுதுய்யா. ரெண்டு பேரையும் நிறுத்திரலாம். உன் மேல தப்பு வராது. மேஸ்திரி வேலை நிக்கும்."

வாட்சர் குனிந்து ஒரு ஊசியை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார். பிறகு செல்லாயியிடம் கேட்டார். "போட்டதைப் பாத்தீங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்? சருகு போட்ட அன்னிக்கு நான் சந்தையில இருந்தேன். கருவாட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க."

என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா, அம்மிணி?"

என் பெரிய மகளுக்குப் பன்னிரண்டாவது. இன்னும் ஐந்து மாதம் இருந்தது பரீட்சைக்கு. அதை அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"பாக்கலீங்க" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து எழுதினார். எழுதியதை மேனேஜரிடம் படித்துக் காட்டினார். "பைகளின் மேல் நோய் கண்ட ஊசிச் சருகு கிடந்தது. போட்டதைப் பார்த்தவர் இல்லை. மூடாக்குப் போட்ட அன்று நான் ஊரில் இல்லை. சருகை நான் கிளறிப் பார்க்கவில்லை."

"கடைசி ரெண்டும் எதுக்குய்யா?"

"நெசம்தானுங்களே."

அந்தக் கடைசி இரண்டையும் வைத்துத்தான் மேஸ்திரி வேலை போனது. கீழிருந்து வேறொருவர் வந்தார். லைன் வீட்டு ஜன்னலில் புதுத் துணி தொங்கியது. வாட்சர் கொட்டகையிலேயே இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை நின்றது, அதாவது நிலைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மனுஷி மறக்கக்கூடிய அளவுதான் அது.

அடுத்த ஆடியில் அவர் ஊசிமரச் சரிவுக்கும் நாற்றங்காலுக்கும் நடுவில் மூங்கில் நட்டார். ஒன்பது மூங்கில். ஒவ்வொன்றிலும் ஒரு கோணியைப் பிரித்துக் காற்றுக்கு எதிரே பாய் மாதிரி விரித்துக் கட்டினார். என்ன இது என்று கேட்டோம்.

"ஊசி எப்படி வந்துச்சுன்னு பாக்கறனுங்க. ஆளு யாரும் போட்டதைப் பாக்கல. அப்பக் காத்துதான் கொண்டாந்திருக்கணும். கோணியில மாட்டும்ல."

செல்லாயி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். என் ஒரு சொல்லை நம்பி அந்த மனுஷன் காற்றைப் பிடிக்கக் கிளம்பியிருந்தார்.

தினமும் விடிந்ததும் கோணி கோணியாய்ப் போவார். மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு தடவித் தடவிப் பார்ப்பார். மரத்தை ஒட்டிய முதல் கோணியில் என்றைக்காவது ஒன்றிரண்டு ஊசி மாட்டியிருக்கும். இரண்டாவதுக்குக்கூட வராது. நோட்டில் எழுதுவார். ஆடிக் காற்றில் கோணி கிழிந்தது, தைத்துக் கட்டினார். ஐப்பசி மழையில் ஊறித் தொங்கியது, பிழிந்து கட்டினார். டீக்கடையில் அவரைக் கேலி பேச ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க வாட்சரே, காத்து இன்னிக்கு வேலைக்கு வந்துச்சுங்களா? கைநாட்டு வாங்குனீங்களா?"

"வந்துச்சுங்க. எதும் கொண்டாரல."

கோபம் இல்லாமல்தான் சொல்வார். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். மார்கழியில் அவருக்கு இருமல் பிடித்தது. பனியில் கோணிகளுக்கு நடுவே அந்த இருமல் ஒன்பது இடத்தில் நின்று நின்று நகர்வது எங்கள் வீடு வரை கேட்கும். சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து போவேன். தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றி வைத்துவிட்டு வந்துவிடுவேன். அந்த வருஷம் முழுக்க நான் அலுப்பாகவே இருந்தேன். தூங்கினாலும் அலுப்பு போகவில்லை.

தை வந்தது. அளக்கப் போனோம். கண் தெரியவில்லை என்று அந்த மாதத்தோடு அவரை நிறுத்தப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மரத்துக்கு மரம் டேப் சுற்றினோம். முன்பு மாதிரியேதான். "அம்மிணி, எத்தனை தட்டுங்க?" மூன்று என்றால் மூன்று, இரண்டு என்றால் இரண்டு. திரும்பிப் பார்க்காமல் எழுதினார்.

கடைசி மரத்துக்கும் சொன்னேன். "ரெண்டுங்க." டேப்பை விடாமலே சொன்னேன். "நான்தானுங்க."

"என்னதுங்க?"

"பங்குனியில, பை மேல. ஊசிச் சருகு நான்தானுங்க வாரிப் போட்டேன். இடுப்பு முடியல. அன்னிக்குப் பாக்கலன்னு சொன்னது பொய்யிங்க."

பாத்ததா கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அளந்து முடித்த மரம் அது. பிசின் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

"அப்பக் காத்து மேல தப்பில்லைங்க."

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. இன்னிக்குக் கோணியத் தச்சுக் கட்டலாம்னு ஊசிநூல் எடுத்து வெச்சிருந்தேன்."

போய்க் கோணிகளை அவிழ்த்தார். நானும் கூடப் போய் அவிழ்த்தேன். கயிறு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது முடிந்ததும் மூங்கிலடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். எட்டிப் படித்தேன். "கோணி அவிழ்த்தாயிற்று. ஊசியைக் காற்று கொண்டுவரவில்லை." அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"என் பேருங்க?" என்றேன். அதற்குத் துணிந்துதான் வந்திருந்தேன். மகள் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

அவர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்க போட்டதை நான் பாக்கலீங்களே. இப்ப நீங்க சொல்லித்தான் கேட்டேன்."

அவ்வளவு வருஷமும் நான் சொல்லித்தானே தட்டு எழுதினார், பார்த்தா எழுதினார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் கோணிகளை மடித்துக் கயிறு சுற்றிக் கட்டாக்கினார். நான் குனிந்தேன். கட்டைத் தூக்கி என் தலையில் வைத்தார். ஒரு பக்கம் சரிந்தது, நேராக்கிவிட்டார்.

"கனமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன். வெறுங்கோணிதான். கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன்.